நிற்கிற காரில் கரண்டைக் குடிப்பது யார்?

வண்டி அண்ணாச்சி பதில்கள்

இந்தத் தடவை ஒரே கடிதம் பாதிக்கு மேல் இடத்தை எடுத்துக்கொண்டது. பதிலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எழுதியவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன், அவர் செய்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார், அதையும் போட வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று கீழே தெரியும். மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகத்தான் பதில், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். 2004 மாடல், இரண்டே சீட், பட்டனை அழுத்தினால் கூரை மடங்கிப் பின்னால் போய்விடும். பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அவன் இப்போது மஸ்கட் போய்விட்டதால் கார் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் தகர ஷெட்டுக்குள் நிற்கிறது. நாலு நாளைக்குள் எடுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. ஆறாவது நாள் செல்ஃப் டிக் டிக் என்று சத்தம் போடுவதோடு சரி. எட்டு மாதத்தில் இது இரண்டாவது புது பேட்டரி, 60 ஆம்பியர் ஹவர். பேட்டரிக் கடைக்காரர் ஆல்டர்னேட்டர் வீக் என்கிறார், ஆல்டர்னேட்டர் பார்ப்பவர் பேட்டரி மட்டம் என்கிறார். வீட்டு வயரிங் செய்யும் தம்பி கிளாம்ப் மீட்டரைக் கவ்விப் பார்த்துவிட்டு, "ஜீரோ காட்டுது சார், லீக்கே இல்லை" என்றான். இன்னொருவர் மைனஸ் வயரைக் கழற்றித் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், பொறி பறந்தது, உள்ளே எங்கோ ஷார்ட், வயரிங் முழுக்க மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட் வருகிறது. நான் யாரை நம்புவது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: சார், நாலு பேரில் ஒருவரையும் நம்ப வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

ஓடும்போது 14.2 வோல்ட் வருகிறதென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கிறது. 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருந்தால் அதை விட்டுவிடலாம். (அதற்குள் இருக்கும் டயோடு, அதாவது கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற பாகம், கெட்டு, வண்டி நிற்கும்போது கரண்டைத் திரும்ப இழுக்கிற வியாதி ஒன்று உண்டு, அதை மட்டும் மனதின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) புது பேட்டரி இரண்டு தடவையும் ஒரே மாதிரி ஆறாம் நாள் படுக்கிறது என்றால் பேட்டரி மேலும் குற்றமில்லை. ஆனால் ஒன்று, இந்த வகை பேட்டரி செல்ஃப் அடிக்கிற ஒரு சில நொடிக்கு வாரிக் கொடுப்பதற்காகச் செய்தது. அடி வரை இறங்கி அப்படியே நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் கட்டிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. உங்கள் முதல் பேட்டரி அப்படித்தான் போயிருக்கும்.

கிளாம்ப் மீட்டர் தம்பியைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் இருந்தது வீட்டு லைன் பார்க்கிற மீட்டர். அந்தக் கவ்விக்குள் இருக்கிற சுருள், காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் உணரும், அதாவது திசை மாறி மாறி ஓடுகிற ஏசி கரண்ட் மட்டும். பேட்டரியிலிருந்து ஓடுவது ஒரே திசையில் ஓடுகிற டிசி. பத்து ஆம்பியர் ஓடினாலும் அது ஜீரோதான் காட்டும். டிசி அளக்கிற கிளாம்ப் தனியாக உண்டு, ஹால் சென்சார் வைத்தது, விலை கூடுதல். இதை உங்களுக்கு நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காக.

பொறி பார்த்தவர் பழைய கை. டீசல் ஜீப்பும் அம்பாசடரும் ஓடிய காலத்தில் அது நல்ல சோதனைதான், நானே நூறு தடவை செய்திருக்கிறேன். உங்கள் காரில் பத்துப் பதினைந்து கன்ட்ரோல் பெட்டிகள் இருக்கும், மைனஸைத் தொட்டதும் அத்தனைக்குள்ளும் இருக்கிற கெப்பாசிட்டர்கள் நிரம்பும், பொறி பறக்கத்தான் செய்யும். ஷோரூமிலிருந்து அன்றைக்கு வந்த வண்டியில் தொட்டாலும் பறக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆறு நாள் என்பது 144 மணி நேரம். 60 ஆம்பியர் ஹவர் என்றால் ஒரு ஆம்பியர் வீதம் 60 மணி நேரம் கொடுக்கிற கொள்ளளவு. அதில் ஏறக்குறைய 50 போனால்தான் டிக் டிக் நிலைமை வரும். 50ஐ 144ஆல் வகுத்தால் சுமார் 0.35 ஆம்பியர். பானெட்டைத் திறக்காமலே, மீட்டர் தொடாமலே கிடைத்துவிட்டது பாருங்கள். இந்த அளவு எனக்கு என்ன சொல்கிறதென்றால், இது ஷார்ட் இல்லை. ஷார்ட் என்றால் ஃப்யூஸ் போயிருக்கும் அல்லது புகை வந்திருக்கும். கோளாறு இல்லாத இந்தக் காலத்துக் கார் எதுவும் சும்மா நிற்கும்போது 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை இழுக்கும், அலாரம், சாவி அடையாளம் பார்க்கிற பெட்டி, கடிகாரம், ரேடியோ நினைவு எல்லாம் அதில்தான் உயிர் வாழ்கின்றன. உங்களுடையது அதைப் போல பத்து மடங்கு. 12 வோல்ட்டில் 0.35 என்றால் நாலு வாட்டுக்குக் கொஞ்சம் கூட. ஒரு 5 வாட் பல்ப் அணையாமல் எரிந்தால் இதே கணக்கு வரும். ஆகவே என் சந்தேகம் டிக்கி விளக்கு, இல்லையென்றால் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கிற விளக்கு. மூடினாலும் சுவிட்ச் சரியாக அமுங்காமல் உள்ளே எரிந்துகொண்டே கிடக்கும், வெளியே நிற்கிற நமக்கு எப்படித் தெரியும்? போனில் வீடியோவைப் போட்டு உள்ளே வைத்து மூடுங்கள், ஒரு நிமிஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். இதற்குச் செலவு கிடையாது.

அதோடு முடியவில்லை என்றால் அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் போதும், ஆனால் 10 ஆம்பியர் ஓட்டை தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டு முதலைக் கவ்வி வயரும் சேர்த்து.

பேட்டரியை முதல் நாள் இரவு முழு சார்ஜ் போடுங்கள், டிக்கி திறந்தபடியே இருக்கட்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். மறுநாள் இரண்டு கதவின் கண்ணாடியையும் இறக்கிவிட்டுச் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். டிக்கி திறந்திருந்தால் கார் தூங்காது, அதாவது கன்ட்ரோல் பெட்டிகள் ஓய்வுக்குப் போகாது. அதனால் டிக்கி லாக்கின் கொக்கியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள், டக் என்று விழும், விளக்கு அணையும், காரும் டிக்கி மூடிவிட்டதாக நம்பிக்கொள்ளும். ஃப்யூஸ் பெட்டி உள்ளே இருக்குமானால் அந்தப் பக்கத்துக் கதவுக்கும் இதே வித்தைதான்.

இதில் ஒரு கண்ணி உண்டு. வேலை முடிந்ததும் அந்தக் கொக்கியைத் திரும்பத் திறந்துவிட்டுத்தான் மூடியைச் சாத்த வேண்டும், கொக்கி திறக்க கரண்ட் வேண்டும். மைனஸைக் கழற்றிய நிலையில் டிக்கியைச் சாத்திவிட்டு, பேட்டரியும் உள்ளே, கரண்டும் இல்லை, மூடியும் திறக்கவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்த ஆட்களை எனக்குத் தெரியும். அந்த ஆட்களில் ஒருத்தன் நான். சாவி போட்டுத் திறக்கிற துவாரம் உங்கள் டிக்கியில் இருக்கிறதா, அது துருப்பிடிக்காமல் திரும்புகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மீட்டர். கறுப்பு வயர் பொது ஓட்டையில், சிவப்பு வயர் 10 ஆம்பியர் ஓட்டையில். சிவப்புக் கவ்வியை மைனஸ் கேபிளின் கிளாம்பில் மாட்டுங்கள், கறுப்புக் கவ்வியை பேட்டரியின் மைனஸ் குமிழில் மாட்டுங்கள். இரண்டையும் மாட்டின பிறகுதான் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கிளாம்பைத் தளர்த்தித் தூக்க வேண்டும். இப்படிச் செய்தால் காருக்குக் கரண்ட் ஒரு நொடிகூட நிற்காது, மீட்டர் வழியாகப் போகும். நின்று வந்தால் எல்லாப் பெட்டியும் விழித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவி போடாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள், செல்ஃப் அடிப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

மாட்டியதும் ஒன்றோ இரண்டோ ஆம்பியர் காட்டும். பயப்பட வேண்டாம். ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்து காபி குடியுங்கள். அது படி இறங்குகிற மாதிரி விட்டுவிட்டுக் குறையும், ஒவ்வொரு பெட்டியாகத் தூங்குகிறது என்று அர்த்தம். சில காருக்குப் பத்து நிமிஷம், சிலதற்கு நாற்பது நிமிஷம். இந்தக் காத்திருப்பு இல்லாததால்தான் பாதிப் பேர் தப்பான முடிவுக்கு வருகிறார்கள். ஐந்தாவது நிமிஷத்தில் பார்த்துவிட்டு "அய்யோ ஒரு ஆம்பியர் லீக்" என்று வயரிங்கைக் கிழிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அசையாத ஒரு எண்ணில் நின்றதும் ஃப்யூஸ்களைப் பாருங்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுதான் வழக்கம், நான் வேண்டாம் என்பேன். பிடுங்கிச் செருகினால் தூங்கினது விழிக்கும், நீங்கள் தேடுகிற கோளாறு அப்போதைக்குச் சரியாகி ஒளிந்தும் கொள்ளும். அதற்குப் பதிலாக, முதலில் மைனஸ் கிளாம்பைத் திரும்ப மாட்டி இறுக்கிவிட்டு மீட்டரை எடுங்கள், மில்லிவோல்ட்டுக்கு மாற்றுங்கள். ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும், அந்த இரண்டையும் மீட்டர் முனையால் தொடுங்கள். கரண்ட் ஓடாத ஃப்யூஸில் சுத்தமாக ஜீரோ. 10 ஆம்பியர் ஃப்யூஸில் 1 மில்லிவோல்ட் காட்டினால் அதில் ஏறத்தாழ 0.13 ஆம்பியர் ஓடுகிறது. மீட்டரை மாற்றும்போது சிவப்பு வயரையும் 10 ஆம்பியர் ஓட்டையிலிருந்து எடுத்து வோல்ட் ஓட்டைக்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்து அப்படியே பேட்டரியின் இரண்டு குமிழிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட். என் முதல் மீட்டர் தச்சநல்லூரில் ஒரு சாயங்காலம் அப்படித்தான் உயிரை விட்டது.

மீட்டர் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பாட்டி வைத்தியம்: விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, ராத்திரி முழுக்கப் பூட்டிக் கிடந்த காரில் ரிலேக்களையும் பெட்டிகளையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எது வெதுவெதுப்பாக இருக்கிறதோ அதுதான் குடிக்கிறது. நம்ம ஊரில் ஏழு மணிக்கு மேல் இந்தச் சோதனை செல்லாது, தகர ஷெட்டுக்குள் எல்லாமே சுடும்.

இன்னும் இரண்டு விஷயம். வேப்பமரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூரை மடங்குகிற காரில் மழைத்தண்ணீர் வெளியேற மூலைகளில் சின்னச் சின்ன வடிகுழாய் இருக்கும், வேப்பம்பூவும் இலையும் அதை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி சீட்டுக்கு அடியிலும் டிக்கிப் பள்ளத்திலும் நிற்கும், கன்ட்ரோல் பெட்டிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் மெல்லிய நைலான் கயிறு விட்டுக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம், டிக்கியில் வைக்கிற பேட்டரிக்கு வாயு வெளியே போக ஒரு சின்ன டியூப் இருக்கும். புது பேட்டரி மாட்டியவர் அதைச் செருகினாரா?

பதினொரு நாள் கழித்து அவர் எழுதியது: அண்ணாச்சி, மீட்டர் வாங்கினேன். முதல் நாள் பொறுமை இல்லாமல் பத்து நிமிஷத்தில் பார்த்து 0.9 என்றதும் மகனுக்குப் போன் போட்டு வண்டியை விற்றுவிடச் சொல்லிவிட்டேன். மறுநாள் முறையாக உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் 2.1, கொஞ்ச நேரத்தில் 0.9, இருபத்திரண்டாம் நிமிஷம் 0.36. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அசையவில்லை. உங்கள் 0.35க்கு வாழ்த்து. ஆனால் டிக்கி விளக்கும் இல்லை, டேஷ்போர்டு விளக்கும் இல்லை, வீடியோவில் இரண்டும் ஒழுங்காக அணைந்துவிட்டன. ஃப்யூஸ் ஒன்று விடாமல் தொட்டேன். இரண்டே இரண்டில் 0.1 மில்லிவோல்ட். கூட்டினால் 0.03 ஆம்பியரைத் தாண்டவில்லை. மீதி 0.33 எங்கே போகிறது? முப்பது வருஷம் கரும்பலகையில் கிர்ச்சாஃப் விதி எழுதியவன் நான், ஒரு சந்திக்குள் வருவதும் வெளியே போவதும் சமமாக இருந்தே தீர வேண்டும். ஃப்யூஸ் பெட்டி வழியாகப் போகவில்லை என்றால் அதற்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. பேட்டரியின் பிளஸ் கிளாம்பைக் குனிந்து பார்த்தேன். கம்பெனி கேபிளுக்கு அடியில் இன்னொரு சிவப்பு வயர், கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஃப்யூஸ் கூடு, அங்கிருந்து கார்பெட்டுக்கு அடியில் போய் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆம்ப், ஸ்பீக்கருக்குச் சத்தம் கூட்டுகிற ஆம்ப்ளிஃபையர். முந்தைய முதலாளி மாட்டியதாம், ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆம்பை விட்டுவிட்டார், என் மகனுக்கே தெரியாது. அந்த ஃப்யூஸை உருவினேன், மீட்டர் 0.03க்கு வந்துவிட்டது. டியூப் பற்றிக் கேட்டீர்களே, செருகாமல் ஓரத்தில் தொங்கிக்கொண்டு கிடந்தது.

பதில்: சார், என் கணக்கு சரி, சந்தேகம் தப்பு. 0.35 என்றதும் பல்ப் என்று தாவினேன், அந்த அளவை இழுக்க ஆம்புக்கும் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஃப்யூஸ் பெட்டியில் ஒன்றும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதாமல் விட்டதும் தப்பு. நீங்கள் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்த வழி எங்கள் பட்டறையில் பலருக்குத் தெரியாது. 1845இல் கிர்ச்சாஃப் சொன்னதை வைத்துப் பாளையங்கோட்டையில் ஒரு ஆம்பைப் பிடித்திருக்கிறீர்கள்.

மற்றவர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். ஃப்யூஸ் பெட்டி சுத்தம், மொத்தக் கணக்கு மட்டும் கூடுதல் என்றால் பார்க்க வேண்டியது இரண்டு: பேட்டரி பிளஸில் நேராகக் கடித்துக்கொண்டிருக்கும் அந்நிய வயர்கள், அப்புறம் ஆல்டர்னேட்டர். ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் பெரும்பாலும் ஃப்யூஸ் பெட்டி வழியாக வராது, டயோடு கெட்டால் அந்த வழியாகக் கரண்ட் பின்னோக்கி ஒழுகும். மைனஸைக் கழற்றிவிட்டு அந்த வயரையும் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கி, மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

ஆம்ப் ஏன் தூங்கவில்லை? வெளியே வாங்கி மாட்டுகிற செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் உயிரோடு இருக்கிற லைனுக்கு, சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வருகிற லைனுக்கு. நீலமும் வெள்ளையும் கலந்த வயர் ஆம்புக்கு "எழுந்திரு" என்று சொல்கிற வயர். கம்பெனி ரேடியோவை மாற்றாமல் ஆம்ப் மட்டும் மாட்டும்போது இந்த மூன்றாவது வயருக்கு இடம் கிடைக்காது. சாவி லைனைத் தேட சோம்பல்பட்டு அதையும் நேரடி பிளஸிலேயே சேர்த்து முறுக்கிவிடுவார்கள். பாட்டு வரும், வாடிக்கையாளருக்குச் சந்தோஷம், ஆம்ப் மட்டும் இரவு பகல் விழித்திருக்கும். பெங்களூரில் உங்கள் மகன் தினமும் ஓட்டியதால் இழந்தது அன்றன்றைக்கே நிரம்பிவிட்டது. நின்ற பிறகுதான் வியாதி வெளியே வந்தது. கார் விஷயத்தில் இது அடிக்கடி நடப்பது, பத்து வருஷமாக இருக்கிற கோளாறு ஊருக்கு வந்து நிறுத்தியதும் "நேற்று வரை நல்லாத்தான் இருந்தது" என்று ஆகும்.

ஸ்பீக்கரே இல்லாத ஆம்ப் எதற்கு, வயரோடு கழற்றிவிடுங்கள். இப்போது 0.03 என்றால் ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர் ஹவர், வெயில் இழப்பையும் சேர்த்து ஒரு மாதம் தாராளமாக நிற்கும். கார்பெட்டைத் தூக்கும்போது கீழே ஈரம் இருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். டியூபை இன்றைக்கே செருகுங்கள்.

கேள்வி: நான் துபாயில் இருக்கேன் அண்ணாச்சி, ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் ஊர். இந்த மீட்டர் வித்தையெல்லாம் எதுக்கு, மைனஸைக் கழற்றி வச்சிட்டுப் போனாப் போதாதா?
(வாசகர், திசையன்விளை)

பதில்: உங்களுக்குப் போதும். வாரம் ஒரு தடவை எடுக்கிறவர் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பதுதான் வியாதியை மறைக்கிற வேலை. கழற்றுவதற்கு முன்னால் ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டா என்று புத்தகத்தைப் பாருங்கள், சில பழைய செட் கரண்ட் போய் வந்தால் எண் கேட்டுக்கொண்டு நிற்கும். இன்னொன்று, கழற்றி வைத்தாலும் பேட்டரி தானாக இறங்கும், வெயில் கூடக் கூட வேகமாக இறங்கும். உங்கள் ஊர்த் தேரிக்காட்டு வெயிலில் ஆறு மாதம் என்பது அதிகம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வீட்டில் யாராவது சார்ஜ் போடட்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போக விடாதீர்கள். நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்கிற சார்ஜரைத்தான் வாங்க வேண்டும், வீட்டு இன்வெர்ட்டரோடு சேர்த்து மாட்டி வைக்கிற யோசனையை உங்கள் மச்சான் சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: தினமும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுகிறேன். அப்படியும் இறங்குகிறது. ஸ்டார்ட் செய்வதுதான் பேட்டரியைத் தின்கிறதோ?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: இல்லையம்மா. செல்ஃப் 150 ஆம்பியர் இழுத்தாலும் நாலு நொடிதான், ஆம்பியர் ஹவரில் 0.17. மேலே சாரின் ஆம்ப் அரை மணி நேரத்தில் அவ்வளவு குடித்துவிடும். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றுகிறது, ஃபேனும் லைட்டும் போக பேட்டரிக்குள் பத்து ஆம்பியர் போகிறது என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் 1.7தான் ஏறும். அவருடையது மாதிரி லீக் இருந்தால் நாளைக்கு எட்டரைக்கு மேல் போகும். எப்படி ஈடுகட்டும்? இன்ஜின் முழுசாகச் சூடாகாமல் அணைப்பதால் சைலன்சருக்குள் தண்ணீர் தங்குவது தனிக் கதை. வாரம் ஒரு நாள் பாபநாசம் வரை ஓட்டிவிட்டு வாருங்கள், காருக்கும் நல்லது.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் காரின் பாதிச் சக்கரம் வரை தண்ணீர் நின்றது. அப்போதே சர்வீஸ் செய்துவிட்டோம். இப்போது ஒரு வாரம் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?
(வாசகர், திருநெல்வேலி ஜங்ஷன்)

பதில்: இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது, நம்ம பட்டறைகளுக்கு அந்த வேலை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் சீட்டையும் கார்பெட்டையும் காயவைத்தார்கள், வயர்களை இணைக்கிற கப்ளருக்குள் போன சேற்றுத்தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. அது செம்புப் பின்னைப் பச்சையாக அரித்து, பக்கத்துப் பின்னுக்கும் இதற்கும் நடுவில் ஒரு பாலம் கட்டிவிடும், கரண்ட் அது வழியாகக் கசியும். மீட்டரில் எண் ஒரே இடத்தில் நிற்காமல், மழை நாளில் கூடி வெயில் நாளில் குறைந்தால் கப்ளர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவுப் படிக்கு அடியில் ஓடும் வயரிங்கை முதலில் திறக்கச் சொல்லுங்கள். பச்சை பிடித்த பின்னை ஸ்ப்ரே அடித்துச் சமாளிக்காமல் வெட்டிவிட்டுப் புதிது போடுவதுதான் சரி.

கேள்வி: எலி வயரைக் கடிச்சாலும் பேட்டரி இறங்குமா?
(வாசகர், மூலைக்கரைப்பட்டி)

பதில்: தோல் உரிந்த வயர் பாடியில் பட்டும் படாமலும் இருந்தால் இறங்கும், நன்றாகப் பட்டால் ஃப்யூஸ் போகும். நெல் மூட்டை அடுக்கிய அறையில் காரை நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: எங்க தாத்தாவோட பழைய அம்பாசடர் மாசக்கணக்கா நிக்கும், போய் சாவியப் போட்டா எடுக்கும். இந்தக் காலத்து வண்டி மட்டும் ஏன் இப்படி?
(கல்லூரி மாணவர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: தாத்தா வண்டிக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது தம்பி. சாவியை எடுத்ததும் செத்த மாதிரி தூங்கும், குடிக்க ஆள் இல்லை. அப்படியே இறங்கினாலும் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்பிவிடுவார்கள், சுற்றும்போது கட்டை விரலை மடக்காமல் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அடித்து விரல் போய்விடும். ஆனால் அதற்கும் ஒரு வியாதி இருந்தது. ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய மாடல்களில் டைனமோவும், வண்டி நிற்கும்போது அதைப் பேட்டரியிலிருந்து பிரித்துவிடுகிற கட்அவுட் என்கிற சுவிட்சும் இருக்கும், கட்அவுட்டின் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் பேட்டரி திரும்பி டைனமோவுக்குள் பாய்ந்து காலைக்குள் காலியாகிவிடும். உங்கள் தாத்தா வண்டி அந்த வகைதான் என்றால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு கட்அவுட் மூடியைத் திறந்து, பாயின்ட்டில் மெல்லிய உப்புத்தாளை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, துணியால் துடைத்து மூடி வையுங்கள்.